கல்குவாரி விஸ்தரிப்பு: மிஞ்சும் குழிக்கு யார் ஜவாப்தாரி?

ஜோலார்பேட்டை ஜங்ஷனில் இறங்கி வேறு வண்டிக்காகக் காத்திராத தமிழர் சிலரே இருக்கக்கூடும். சென்னையிலிருந்து மேற்கே வரும் இருப்புப்பாதை அவ்விடத்தில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை பெங்களூருக்கும், மற்றொன்று சேலம் மார்க்கமாகக் கேரளத்துக்கும் போகின்றது. தென்னாட்டின் முதல் ரயில் 1856ஆம் வருஷம் ஜூலை மாதம் 1ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ஓடிற்று. எட்டு வருஷங்களுக்குப் பின், 1864ல், ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்குப் பாதை திறக்கப்பட்டது. பிளாட்பாரத்தில் நின்று கீழே நோக்கினால் தண்டவாளத்தைத் தாங்கி நிற்கும் கருங்கல் ஜல்லி. தலை நிமிர்ந்து நோக்கினால் ஏலகிரி மலை. மலை எவ்வாறு ஜல்லியாகின்றது, ஆன பின்பு அவ்விடத்தில் மிஞ்சுவது என்ன என்று வண்டிக்குக் காத்திருப்போர் சிந்திப்பதில்லை. சிந்திக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று வற்புறுத்தவே இதை எழுதுகிறோம்.

கல் வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. ரோடு வேண்டும், பாலம் வேண்டும், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேண்டும். ஆற்று மணலை அள்ளி அள்ளிப் பாலாற்றைப் பாழாக்கிய பின்பு, கல்லைப் பொடித்துச் செய்யும் எம்-சாண்டும் வேண்டியதாகி விட்டது. சென்னை–பெங்களூர் விரைவுச்சாலை போன்ற பெரிய வேலைகள் எத்தனை மலைகளின் ஜல்லியை விழுங்குமென்று எண்ணிப் பார்த்தால் மலைப்பே உண்டாகும். குவாரியில் துளை போடுபவனும், கிரஷரில் நிற்பவனும், லாரி ஓட்டுபவனும் நம்மவர்களே. அவர்களுடைய ஜீவனோபாயத்தை அலட்சியமாகப் பேசுவது தேசபக்திக்கு அழகன்று. ஆகவே கல் எடுக்கலாமா கூடாதா என்பதல்ல நம்முடைய கேள்வி. எந்த ஒழுங்கில் எடுப்பது, எடுத்த பின் நிலத்தை என்ன செய்வது, அதற்குப் பணம் போடுகிறவர் யார் என்பவையே கேள்விகள்.

சில வருஷங்களுக்கு முன், குவாரி விஸ்தரிப்பு ஒன்றுக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நாம் போயிருந்தோம். ஊர்ப் பெயரும் உரிமையாளர் பெயரும் இங்கே வேண்டுவதில்லை. கம்பெனியின் ஆலோசகர் படம் போட்டுக் காட்டி, இத்தனை கன மீட்டர் கல், இத்தனை பேருக்கு வேலை, இத்தனை மரக்கன்று என்று அரை மணி நேரம் பேசினார். பின்வரிசையிலிருந்து ஒரு முதிய விவசாயி எழுந்து, "ஐயா, கல் எடுக்கிற கணக்கு எல்லாம் சொன்னீங்க. அந்தக் குழியை என்ன பண்ணப் போறீங்க, அதுக்கு எவ்வளவு பணம் வெச்சிருக்கீங்க? அந்தக் கணக்கு எந்தப் பக்கத்திலே இருக்குது?" என்று கேட்டார். ஆலோசகர் பக்கங்களைப் புரட்டினார். "மழைநீர் தேங்கும் குளமாக விடப்படும்" என்று பதில் வந்தது. "யாரோட குளம்?" என்று கிழவர் மறுபடி கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை. நியாயவாதியாக எத்தனையோ குறுக்கு விசாரணைகளைக் கேட்டிருக்கிறோம். அந்த இரண்டு சொற்களுக்கு மேம்பட்ட ஒன்றை நாம் கேட்டதில்லை.

தோல் தொழில் கற்பித்த பாடம்

இந்தக் கேள்வியை மற்றெந்தப் பிரதேசத்தார் கேட்காவிட்டாலும், வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்தார் கேட்டே தீரவேண்டும். தொழிலை முதலில் வளர்த்து, நிலத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்னும் கொள்கையின் பலனை அவர்களைப் போல் அனுபவித்தவர் தமிழ்நாட்டில் வேறு யாருமில்லை.

தோல் பதனிடும் சாலைகளின் கழிவு நீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது பற்றி வேலூர் பிரஜைகள் நல மன்றத்தார் 1991ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1996ஆம் வருஷம் ஆகஸ்டு 28ந் தேதி தீர்ப்புக் கிடைத்தது. கெடுத்தவனே சீர்ப்படுத்தும் செலவைக் கொடுக்க வேண்டும். கெடுதல் வருமென்ற ஐயம் இருக்கும்போதே தடுத்து நிறுத்த வேண்டும் என்னும் இரண்டு தத்துவங்களும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு ஸ்தாபித்தது. உலகெங்கும் சட்டம் பயிலும் மாணவர்கள் இன்று "வேலூர் வழக்கு" என்று அதைப் படிக்கின்றனர். ஆயினும் நடந்ததென்ன? இழப்பீட்டு அதிகார சபை 2001ல் அளித்த தீர்ப்பின்படி 29 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஏறக்குறைய 26 கோடி ரூபாய் என்று நிர்ணயமாயிற்று. அதற்கும் வெகு காலத்துக்குப் பின்பு, 2025ஆம் வருஷம் ஜனவரி 30ந் தேதி, அதே பாலாற்றைப் பற்றி அதே சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தீர்ப்புக் கூற வேண்டியதாயிற்று. மனுப் போட்ட காலத்தில் பிறந்த குழந்தை முப்பத்து நான்கு வயது மனிதனாகிவிட்டான்; ஆறு ஆறாகவில்லை.

ராணிப்பேட்டை சிப்காட்டில் குரோமேட் ரசாயனத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1990களின் மத்தியில் அது மூடப்பட்டபோது, இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. லாபம் வந்த காலத்தில் அதற்கென்று ஒரு நிதி ஒதுக்கப்படவில்லை. கதவு மூடிய பின்பு ஒதுக்குவதற்கு ஆளே இல்லை. மழை பெய்யுந்தோறும் மஞ்சள் நீர் நிலத்தில் இறங்கிற்று. அதே ராணிப்பேட்டையில் 2015ஆம் வருஷம் ஜனவரி மாதக் கடைசியில், பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

தோலுக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் வினவலாம். சம்பந்தம் உண்டு. இரண்டிலும் லாபம் முதலில் வருகிறது, நஷ்டம் பின்னால் வருகிறது. லாபம் ஒருவருக்கு, நஷ்டம் ஊருக்கு. நஷ்டம் வரும்போது லாபம் பெற்றவர் அங்கே இருப்பதில்லை. ஆகையால் பின்னால் வரும் செலவை முன்னால் வாங்கி வைப்பதொன்றே வழி.

சட்டம் சொல்வது என்ன?

நம்மிடம் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1957ஆம் வருஷத்துக் கனிமச் சட்டத்தின் 15ஆவது பிரிவு சிறு கனிமங்களைப் பற்றிய விதிகள் செய்யும் அதிகாரத்தை ராஜ்ய சர்க்காருக்கு அளித்தது. அதன்படி 1959ல் தமிழ்நாட்டுச் சிறு கனிமச் சலுகை விதிகள் ஏற்பட்டன. ஜனங்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல்லுடைக்கக் குத்தகை கொடுத்தல் கூடாதென்றும், ரயில் பாதை, நீர்த்தேக்கம், கால்வாய் முதலியவற்றிலிருந்து 50 மீட்டர் விலகி நிற்க வேண்டுமென்றும் அவ்விதிகள் கூறுகின்றன. ரயில் பாதைகள் சந்திக்கும் ஜோலார்பேட்டை போன்ற ஊருக்கு இந்த ஷரத்தின் முக்கியத்துவத்தை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

2012ஆம் வருஷம் பிப்ரவரி 27ந் தேதி தீபக் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு பெரிய சந்தைக் கதவை அடைத்தது. அதற்கு முன் 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி அவசியமில்லை என்ற வழக்கமிருந்தது. எனவே பெரிய நிலத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் 5 ஹெக்டேருக்குக் குறைந்ததென்று காட்டுவது எளிதாயிற்று. எத்துணைச் சிறிய குவாரியானாலும் அனுமதி பெற்றே தீரவேண்டுமென்று அத்தீர்ப்பு விதித்தது. பின்னர் 2016ஆம் வருஷம் ஜனவரி 15ந் தேதி வெளியான மத்திய சர்க்காரின் அறிக்கை, ஒரு குவாரியின் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் அதே வகைக் கனிமத்துக்கு மற்றொன்று இருக்குமாயின் இரண்டையும் ஒரே தொகுதியாகக் கொள்ளவேண்டுமென்று கூறிற்று. 2018ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இன்னும் இறுக்கிற்று. தனியாகவோ தொகுதியாகவோ 5 ஹெக்டேரைத் தாண்டினால், சுற்றுச்சூழல் பாதிப்பு ஆராய்ச்சியும் பொதுஜனக் கருத்துக் கேட்பும் நடைபெறவேண்டும் என்பதே இதன் சாரம். 4.9 ஹெக்டேர் என்று ஒரு மனுவைக் காணும் தேசத் தொண்டர், பக்கத்துச் சர்வே எண்ணில் என்ன நடக்கிறதென்று உடனே விசாரிக்க வேண்டும்.

விஸ்தரிப்பு விஷயத்தில் சட்டம் வைத்திருக்கும் சாவி ஒன்றுண்டு. பலர் அதை அறியார். ஏற்கெனவே அனுமதி பெற்று நடக்கும் குவாரியைப் பெரிதாக்க மனுச் செய்வோர், பழைய அனுமதியின் நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கு அதிகாரிகளின் சான்று பெற்ற அறிக்கையையும் தாக்கல் செய்யவேண்டும். இதன் பொருள் என்ன? விஸ்தரிப்பு மனு என்பது புதிய வரத்துக்கு மாத்திரமல்ல, பழைய வாக்குறுதிக்கும் பரீட்சை. நடுவதாகச் சொன்ன மரம் நடப்பட்டதா? லாரி போகும் பாதைக்குத் தண்ணீர் தெளிக்கப்பட்டதா? வேலி போடப்பட்டதா? வருஷத்துக்கு இரு முறை, ஜூன் 1ந் தேதியும் டிசம்பர் 1ந் தேதியும் கொடுக்கவேண்டிய அறிக்கைகள் கொடுக்கப்பட்டனவா? முதற் குழியை ஒழுங்காக வைத்திராதவனுக்கு இரண்டாம் குழி எதற்கு?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சட்டம் எப்போதும் முன்னோக்கியே நடப்பதில்லை. 2021ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், சரணாலயங்களிலிருந்தும் காப்புக் காடுகளிலிருந்தும் ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாதென்று ராஜ்ய சர்க்கார் விதித்தது. 2022 டிசம்பரில் அந்த விதியிலிருந்து காப்புக் காடுகள் நீக்கப்பட்டன. ஏலகிரி, ஜவ்வாது மலைகளின் அடிவாரங்களில் காப்புக் காடுகளை வைத்துக்கொண்டிருக்கும் திருப்பத்தூர் ஜில்லாவுக்கு இது சிறிய விஷயமன்று. 2019ல் வேலூர் ஜில்லாவிலிருந்து பிரிந்த இந்தப் புதிய ஜில்லா, தன் மலைகளைத் தானே கணக்கெடுத்துக் காக்கவேண்டிய நிலையில் இருக்கிறது.

ஒரு ஹெக்டேரின் கணக்கு

சட்டப்படி எடுப்பதற்கும் இஷ்டப்படி எடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை ஒரு சிறு கணக்கினால் விளக்குவோம். பள்ளிப் பிள்ளையும் போட்டுப் பார்க்கலாம்.

நூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமுமுள்ள ஒரு ஹெக்டேர் நிலத்தை முப்பது மீட்டர் ஆழம் நேர் சுவராகத் தோண்டினால் 3 லட்சம் கன மீட்டர் கல் வரும். ஆனால் 1961ஆம் வருஷத்து உலோகச் சுரங்க ஒழுங்குகள் வகுத்த நெறியின்படி எல்லையிலிருந்து 7.5 மீட்டர் சுற்றிலும் விடவேண்டும். ஆகவே தோண்டக்கூடிய மேற்பரப்பு நாற்புறமும் 85 மீட்டராகச் சுருங்குகிறது. சுவர் செங்குத்தாக நிற்கலாகாது. படிக்கட்டுப் போல் இறங்கவேண்டும். ஒவ்வொரு படியும் 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்று கொள்வோம். முதற் படி 85 மீட்டர், அடுத்தது 75, பின்பு 65, 55, 45, கடைசியில் 35. ஆறு படிகளையும் கூட்டினால் 1,16,750 கன மீட்டர் வருகிறது. அதாவது மூன்று லட்சத்தில் நூற்றுக்கு முப்பத்தொன்பது பங்குகூட முழுதாக இல்லை.

மீதி 1,83,250 கன மீட்டர் என்ன? அதுவே எல்லையில் நிற்கவேண்டிய கல். சரியாமல் தாங்கவேண்டிய படி. தொழிலாளியின் தலைக்கு மேலுள்ள பாதுகாப்பு. அதையே ஆசையுள்ளவன் பணமாகக் காண்கிறான். சட்டத்தை மீறுபவன் ஏன் மீறுகிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது. அளவு எடுத்துப் பார்க்காத அதிகாரி, இந்தப் பங்கைத் தாமே எடுத்துக் கொடுத்தவராகிறார்.

படி வெட்டாமல் செங்குத்தாகத் தோண்டுவதன் விளைவு எப்படி இருக்கும் என்பதைத் திருநெல்வேலி ஜில்லாவில் கண்டோம். 2022ஆம் வருஷம் மே 14ந் தேதி இரவு அடைமிதிப்பான்குளம் குவாரியில் ராட்சதப் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினர், நால்வர் இறந்தனர். ஆழத்திலிருந்து உடல்களை மீட்கவே நாட்கள் சென்றன. இறந்தவர்கள் யாருக்கும் அந்தக் குவாரியில் பங்கில்லை. கூலி மாத்திரமே இருந்தது.

குழிக்குள் நேரும் சாவு உடனே தெரிகிறது. வெளியே நேரும் கேடு மெதுவாக வருகிறது. வெடியின் அதிர்வினால் வீட்டுச் சுவரில் கோடு விழுகின்றது. சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தாரின் 1997ஆம் வருஷத்துச் சுற்றறிக்கை, பிறர் வீடுகள் உள்ள இடத்தில் நில அதிர்வு அதன் துடிப்பு வேகத்துக்குத் தக்கபடி விநாடிக்கு 5 முதல் 15 மில்லிமீட்டர் வரையில் அடங்க வேண்டுமென்று அளவு வகுத்தது. அதை அளக்கும் கருவி கிராமத்தில் ஒரு முறையேனும் வைக்கப்பட்டதா என்று கேட்கும் உரிமை வீட்டுக்காரனுக்கு உண்டு. கருங்கல் தூசியிலுள்ள சிலிகா தொழிலாளியின் நுரையீரலை இறுகச் செய்து, மாற்ற முடியாத நோயைத் தருகிறது. கிரஷரில் தண்ணீர் தெளித்தலும் மூடியிட்டு ஓட்டுதலும் அலங்காரத்துக்காக விதிக்கப்பட்டவையல்ல. குழி ஆழமானால் பக்கத்துக் கிணற்று நீர் அதில் ஊறி வடியக்கூடும்; அதை இறைத்து வெளியே விட்டால் கிணறு வற்றுகிறது.

நிலத்தை மீட்பதெப்படி?

2020ஆம் வருஷம் ஜனவரி 8ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு பிறப்பித்தது. சுரங்க வேலை முடிந்த பின், குத்தகைதாரர் தம் செலவில் அந்நிலத்தில் மீண்டும் புல் வளரச் செய்து, தீவனமும் செடி கொடிகளும் உயிரினங்களும் தழைக்கத்தக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டுமென்பதே அது. ஆடு மாடு மேயும் நிலத்தைப் பற்றி நாட்டின் உச்ச நியாயஸ்தலம் கவலை கொண்டது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். மேய்ச்சல் நிலத்தை இழந்த கிராமத்தானுக்கு அது வேடிக்கையன்று. அதே மாதத்தில் மத்திய சர்க்காரின் சுற்றுச்சூழல் இலாகா அதை அனுமதி நிபந்தனைகளில் ஒன்றாக்கிற்று.

அது நடக்கக்கூடியதா? நடக்கும். ஆப்பிரிக்காவில், கென்யா தேசத்து மொம்பாசா நகருக்கு அருகில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டிய பாழ்நிலமொன்று இருந்தது. 1971ல் ரெனே ஹாலர் என்பவர் அங்கே பலவகை மரங்களை நட்டுப் பார்த்தார். பெரும்பாலானவை பட்டுப்போக, நிலைத்து நின்றவற்றில் முதன்மையானது நம் கடற்கரையில் நாம் அன்றாடம் காணும் சவுக்கு. உதிர்ந்த சவுக்கு இலை மக்காமல் கிடந்தபோது, அதைத் தின்று மண்ணாக்க மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார். மண் உண்டாயிற்று, பின் வேறு மரங்கள் வந்தன, இன்று அது மிருகங்கள் உலாவும் வனம். மரவட்டை செய்யத் துணிந்த வேலையை மனிதர்கள் செய்யமுடியாதென்று சொல்வது நாணத்தக்கது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சென்னைக்கு அருகில் மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் பல இருக்கின்றன. 2017ல் ஏரிகள் வறண்டபோது அந்தக் குழிகளின் நீரையே செம்பரம்பாக்கத்தில் சுத்தம் செய்து நகர மக்களுக்குக் கொடுத்தார்கள்; 2019 பஞ்சத்திலும் அவ்வாறே செய்தார்கள். நாம் மேலே கணக்கிட்ட ஒரு ஹெக்டேர்க் குழி நிரம்பினால் 11 கோடியே 67 லட்சம் லிட்டர் நீர் கொள்ளும். ஆளொன்றுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்தால், இரண்டாயிரம் பேருள்ள கிராமத்துக்கு ஆயிரம் நாளைக்கு மேல் வரும். ஆவியாவதும் கசிவதும் போகப் பாதி மிஞ்சினாலும் ஒரு பஞ்ச வருஷத்தை அந்த ஊர் தாண்டிவிடும்.

ஆகவே "குளமாக விடப்படும்" என்னும் பதில் தன்னளவில் தவறானதன்று. குளத்துக்கு இறங்கும் படி உண்டா, வேலி உண்டா, மழைநீர் வந்து சேரும் வாய்க்கால் உண்டா, அழுக்கு நீர் வந்து கலவாமல் கரை உண்டா, அது பஞ்சாயத்தின் பேரில் எழுதிக் கொடுக்கப்படுமா என்பவற்றுக்கு விடை இருந்தால் அது குளம். இல்லாவிட்டால் அது விடுமுறை நாளில் குளிக்கப் போகும் சிறுவர்களை விழுங்கும் கிணறு. தமிழ்நாட்டில் எத்தனை தாய்மார் அவ்வாறு பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கின்றனர் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

திட்டமிடுதல் என்பது கடைசி வருஷத்து வேலையல்ல. முதல் நாள் வேலை. மேல் மண்ணை முதலில் வழித்து எடுத்துத் தனியே சேர்த்து வைக்கவேண்டும். அரை மீட்டர் ஆழத்துக்கு மண் இருந்தால், நம் உதாரணக் குழியின் பரப்பிலிருந்து 3,600 கன மீட்டருக்குக் குறையாமல் கிடைக்கும். சுற்றிலும் விட்ட 7.5 மீட்டர் பட்டையின் பரப்பு 2,775 சதுர மீட்டர். மூன்று மீட்டருக்கு ஒன்றாக அதில் முந்நூறு மரம் வைக்கலாம். வேப்பமும் புங்கமும் இந்தப் பக்கத்து மண்ணில் வளர்பவையே. கல் வெட்டத் தொடங்கிய வருஷமே நட்டால், கல் தீரும் காலத்தில் அவை மரமாகி நிற்கும். கல் தீர்ந்த பின் நடுவேன் என்பவன் நடமாட்டான். மேல் மண்ணை விற்றுவிட்டவனுக்கு நடுவதற்கு மண்ணும் இராது.

மனுவில் இருக்க வேண்டியவை

இந்த ஜில்லாவில் வரும் எந்த விஸ்தரிப்பு மனுவையும் நான்கு உரைகல்லில் உரைத்துப் பார்க்கவேண்டுமென்று நாம் யோசனை கூறுகிறோம்.

முதலாவது, படம். சர்வே கற்களும், 300 மீட்டருக்குள் உள்ள ஒவ்வொரு வீடும், 500 மீட்டருக்குள் உள்ள ஒவ்வொரு குவாரியும், கிணறும், ஓடையும், பாதையும் காட்டப்பட்டிருக்க வேண்டும். படத்தில் விடுபட்ட வீடு சட்டத்தின் கண்ணில் வீடே அல்லவாகிவிடும்.

இரண்டாவது, பழைய குழியின் அளவு. தொடங்கிய நாள் முதல் எத்தனை கன மீட்டருக்கு நடைச்சீட்டு வழங்கப்பட்டது, குழியை அளந்தால் எத்தனை கன மீட்டர் வருகிறது என்று ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்தால் அவர் யோக்கியர். ஒவ்வாவிட்டால் விஸ்தரிப்பைப் பற்றிப் பேசுமுன் வசூலைப் பற்றிப் பேசவேண்டும். அனுமதியின்றி எடுத்த கனிமத்தின் முழு மதிப்பும் திருப்பி வாங்கத்தக்கதென்று 2017ஆம் வருஷம் ஆகஸ்டு 2ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது.

மூன்றாவது, பகுதி பகுதியாக மீட்கும் திட்டம். வெட்டி முடிந்த பாகத்தைச் சீர்ப்படுத்திக் காட்டிய பின்பே அடுத்த பாகத்துக்கு வெடி வைக்க அனுமதிக்க வேண்டும்.

நான்காவது, பணம். இரும்பு, சுண்ணாம்புக்கல் முதலிய பெருங்கனிமச் சுரங்கங்களுக்கு, மூடும் செலவுக்காக ஹெக்டேருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே உத்தரவாதம் வாங்கும் முறை 2017ஆம் வருஷத்து விதிகளில் இருக்கிறது. அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 1977 முதல் ஜாமீன் முறியின்றி உத்தரவு கிடையாது. கருங்கல் குவாரிக்கும் அதே முறை வரவேண்டும். பாங்கியில் கட்டி, மீட்பு முடிந்ததென்று பஞ்சாயத்தும் அதிகாரியும் சேர்ந்து கையெழுத்திட்ட பின்பே அது திரும்பக் கொடுக்கப்படவேண்டும். நேர்மையான குவாரிக்காரருக்கு இதனால் நஷ்டமில்லை. தம் பணம் தமக்கே திரும்பிவரும். நேர்மையற்றவரோடு போட்டியிட்டுத் தோற்கும் துர்ப்பாக்கியமும் அவருக்கு நீங்கும்.

ஜனங்களின் கடமை

உத்தியோகஸ்தரை மாத்திரம் குறை கூறிக்கொண்டிருத்தல் சுதந்திரப் பிரஜைக்கு லக்ஷணமன்று. கருத்துக் கேட்புக்கு முப்பது நாள் முன்னதாகப் பத்திரிகைகளில் விளம்பரம் வருகிறது. ஆராய்ச்சி அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கவேண்டும். கலெக்டர் காரியாலயத்தில் கேட்டு வாங்கிப் படிக்கலாம். கூட்டம் நடக்க இத்தனை பேர் வேண்டுமென்ற நியதி கிடையாது. எனவே நாம் போகாவிட்டால் கூட்டம் நின்றுவிடாது, நம் எதிர்ப்பே நின்றுவிடும். நடவடிக்கை முழுதும் படம் பிடிக்கப்படவேண்டும். முடிவில் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும். வாசிக்கும்வரை எழுந்து போகலாகாது. வாயால் சொன்னதை எழுத்திலும் கொடுத்து ரசீது பெறவேண்டும்.

அனுமதி கிடைத்துவிட்டால் அதோடு காரியம் முடிந்ததென்று சோர்ந்துவிடுதல் வழக்கம். அது பிழை. 2010ஆம் வருஷத்துச் சட்டப்படி முப்பது நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் அப்பீல் செய்யலாம். தக்க காரணமிருந்தால் மேலும் அறுபது நாள் வரை மன்னிப்புண்டு. அதன் தென் பிராந்திய அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அந்தக் கெடுவைத் தவறவிட்ட எத்தனையோ நியாயமான வழக்குகள் வாசற்படியிலேயே மடிந்திருக்கின்றன. கிராம சபைகள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடுகின்றன. ஆறு மாத அறிக்கையை அங்கே வாசித்துக் காட்டும்படி தீர்மானம் செய்வதற்கு யாருடைய தயவும் வேண்டுவதில்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது.

குவாரி உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. விதிகளைப் பகையாக எண்ணவேண்டாம். தோல் தொழிலதிபர்கள் ஆரம்பத்திலேயே சுத்திகரிப்புக்குச் செலவழித்திருந்தால், பின்னாளில் கோர்ட்டு உத்தரவினால் கதவடைத்து, ஆயிரக்கணக்கான தொழிலாளரும் தாமும் பட்ட அவதியைத் தவிர்த்திருக்கலாம். முன்னே செய்யும் செலவு சிறியது. பின்னே வரும் செலவுக்கு எல்லையில்லை.

அந்த முதியவரின் கேள்வியோடு தொடங்கினோம், அதனோடே முடிப்போம். "யாரோட குளம்?" என்பதற்கு மனுவிலேயே விடை எழுதப்பட்டு, அதற்குரிய பணமும் கட்டப்பட்டிருந்தால், கல் எடுக்கட்டும், நாடு கட்டட்டும், நாமும் வாழ்த்துவோம். விடை எழுதப்படாத மனுவுக்கு ஒரு சதுர அடி விஸ்தரிப்பும் கூடாது. அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க அந்தக் கிழவர் ஒருவர் மாத்திரம் எழுந்து நிற்கும்படி விட்டுவிடலாகாது.